முன்றிலும் வேலியும்

முன்றில் என்னுஞ் சொல் இலக்கணம் பயில்வார் யாவரும் அறிந்ததொன்று. இல்லின் முன் என்பதே முன்பின்னாக மாறி முன்றில் என நின்றதென்றும், அங்ஙனம் மாறியும் இலக்கணமுடையதுபோல் வழங்கலின் இஃது இலக்கணப் போலியாமென்றும் வகுப்பிற் கேட்டிருக்கின்றோம். சொல்லை அறிந்த அளவிற்கு அச்சொல் குறிக்கும் பொருளை அறிந்திருக்கின்றோமா என எண்ணிப் பார்த்தல் தகும். இன்று நம் நகரங்களிற் புதியனவாக எழும் மனைகள் பலவற்றிற்கு முன்றில் இல்லை. தெருவின் விளிம்பிலே சுற்றுச்சுவர். சுவரை அடுத்து வண்டி நிறுத்துமிடம். அதனை அடுத்துக் கதவு. சொல் நூலில் இருக்கின்றது. பொருளோ மறைந்து வருகின்றது.

வெப்பமும் ஈரமும் ஒருங்கே மிக்க நம் கடற்கரை நாட்டில், வீட்டின் புறத்தே மக்கள் இருத்தற்கும் உறங்குதற்கும் அளவளாவுதற்கும் உரிய இடங்களை எங்ஙனம் அமைத்தல் வேண்டும், அவற்றிற்கு வேலியை எவ்வாறு இடுதல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்குக் கொத்து வேலையிலும் தச்சு வேலையிலும் என்ன தொடர்பு என்று நகைப்பாரும் உளராகலாம். முற்றம், தாழ்வாரம், இறவாரம், படல், கதியால் என்னும் இச்சொற்கள் வாழ்தற்கு அவை குறிக்கும் பொருள்கள் வாழ்தல் வேண்டுமன்றோ? அன்றியும், இஃது உயிரோடு தொடர்புடைய செய்தி என்பதும் போகப் போக விளங்கும்.

முதற்கண், வெப்பமும் ஈரமும் கூடியவிடத்து உடல் எய்தும் துன்பம் யாதெனக் காண்போம். மனித உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. புறக்காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை நெருங்கியபின், உடல் தன்னைக் குளிர்வித்துக் கொள்ளுதற்குள்ள வழி வியர்வையொன்றே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகுங்கால் ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை உடலினின்றுங் கவர்ந்து செல்கின்றது. ஆனால், வியர்வை வழிந்து கீழே சொட்டுவதனாற் பயனில்லை. அஃது ஆவியாதல் வேண்டும். காற்று முன்னரே ஈரத்தால் நிரம்பியிருப்பின் வியர்வை எங்ஙனம் ஆவியாகும்? மதுரையின் 40 டிகிரி வெயிலினும் சென்னையின் 36 டிகிரிப் புழுக்கம் சில நாட்களிற் பொறுத்தற்கரியதாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை அறிவியலார் ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். அது 35 டிகிரியை எட்டின், நிழலில் வாளா இருக்கும் நல்லுடலினரும் நெடுநேரம் உயிர் தாங்கல் அரிது என்று 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறிற்று. 2022-ஆம் ஆண்டில் இளைஞரைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகளில், அதனினுங் குறைந்த, ஏறக்குறைய 31 டிகிரி அளவிலேயே உடல் தன் வெப்பத்தைச் சமன்செய்ய இயலாமற் போதல் கண்டறியப்பட்டது. 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. 2024-ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்தது. ஆதலின், நிழலும் காற்றும் உள்ள ஓரிடத்தை வீட்டின் புறத்தே அமைத்தல் செல்வர்தம் பொழுதுபோக்கு அன்று. அது நலவாழ்விற்கு இன்றியமையாத தொன்றாம்.

அத்தகைய இடத்திற்கு வேண்டுவன மூன்று. வெயில் படாமை ஒன்று. காற்றுத் தடைப்படாமை இரண்டு. நீர் தங்காமை மூன்று. இம்மூன்றையும் முறையே ஆராய்வாம்.

வெயிலைத் தடுத்தற்குக் கதிரவன் செல்லும் நெறியை அறிதல் வேண்டும். சென்னை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகையில் உள்ளது. ஆகலின் ஏப்பிரல் மாதக் கடைசியில் ஒருமுறையும், ஆகஸ்டு நடுவில் ஒருமுறையும் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்கின்றான். டிசம்பர் மாதத்தில் அவன் தென்பாற் சாய்ந்து, நண்பகலில் ஏறக்குறைய 53 பாகை உயரத்தில் தோன்றுகின்றான். இவ்வளவையைக் கொண்டு கணக்கிடின், தெற்கு நோக்கிய சுவரின் முன் ஆறடி அகலத் தாழ்வாரம் ஒன்று இருப்பின், எட்டடி உயரச் சுவர் முழுதும் டிசம்பர் நண்பகலிலும் நிழலிலேயே நிற்குமென்பது புலனாகும். வடக்கு நோக்கிய சுவருக்கு ஜூன் மாத நண்பகலில் ஒன்றரை அடி இறவாரமே போதும். நம் முன்னோர் முக்கோணக் கணிதம் பயின்று தாழ்வாரம் இறக்கினாரல்லர். எனினும் பல தலைமுறைப் பழக்கத்தால் அவர் கண்ட அளவு கணிதத்தோடு ஒத்திருத்தல் வியப்பைத் தருகின்றது.

கிழக்கு மேற்குச் சுவர்களின் நிலை வேறு. மார்ச்சு, செப்டம்பர் மாதங்களில் மாலை 4 மணிக்குக் கதிரவன் அடிவானத்திற்குமேல் ஏறக்குறைய 30 பாகை உயரத்திலேயே இருப்பன். அப்பொழுது மேற்கு நோக்கிய ஆறடித் தாழ்வாரத்தின் நிழல், சுவரின் மேற்பகுதியில் மூன்றடி மூன்றரை அடி அளவே விழும். எஞ்சிய பகுதியும் தரையும் வெயிலில் வேகும். இதற்குக் கூரையை நீட்டிக் கொண்டே போதல் பரிகாரமாகாது. செங்குத்தாக நிற்கும் மறைப்பே வேண்டும். மூங்கில் தட்டி, பனையோலைத் தட்டி, கொடி படர்ந்த பந்தல், அல்லது நன்கு தழைத்த மரம் ஒன்று மேற்கே நிற்றல் வேண்டும். பூவரசும் புங்கும் வேம்பும் இதற்குத் தக்கன. புங்க மரத்தின் நிழல் கோடையிலும் அடர்ந்து குளிர்ந்திருத்தலை யாவரும் அறிவர்.

இனிக் காற்றைப் பற்றிக் கூறுவாம். உடலைச் சூழ்ந்த ஈரக்காற்றை விலக்கிப் புதுக்காற்றைக் கொணர்வதனாலேயே வியர்வை ஆவியாகின்றது. ஆதலின் ஈர நாட்டிலே நிழலுக்கு அடுத்த இன்றியமையாப் பொருள் காற்றோட்டமாம். சென்னை முதல் நாகப்பட்டினம் வரையுள்ள கரையிற் கோடை நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கினின்றும் தென்கிழக்கினின்றும் வீசத் தொடங்குகின்றது. அஃது ஒருநாள் காலந்தாழ்ப்பின் அன்று வெப்பம் மேன்மேலும் ஏறும். வந்த காற்று வீட்டினுட் புகுதற்கு வழி எங்கே உளது? தெருவிற் புகுந்த காற்று திண்ணையைத் தடவி, நடை வழியே முற்றத்திற்குச் சென்று, கொல்லைக் கதவின் வழியே வெளியேறும்படி நேர்கோடாக வாயில்களை வைத்த பழைய வீட்டமைப்பு இதற்கு விடையாகும். வாயிலைத் திறந்தால் கொல்லைக் கிணறு தெரியும் வீடுகள் இன்றும் தஞ்சை நாட்டுச் சிற்றூர்களில் உள்ளன. முற்றமோ மேலே திறந்திருத்தலின், வெம்மையுற்ற காற்று இலேசாகி மேலெழும்; அவ்விடத்தை நிரப்பத் தாழ்வாரத்தின் கீழுள்ள காற்று நகரும்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் நலம். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் எவ்விடத்தும் குளிருமென்று சிலர் கருதுகின்றனர். 40 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு இருபது பங்கு ஈரப்பதமும் உள்ள உள்நாட்டுக் காற்றின் ஈரக்குமிழ் அளவு ஏறக்குறைய 22 டிகிரி. ஆதலின் அங்கே தட்டி காற்றைப் பெரிதும் குளிர்விக்க இடமுண்டு. 34 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு ஈரப்பதமும் உள்ள கடற்கரைக் காற்றிற்கோ அவ்வளவு ஏறக்குறைய 28 டிகிரி. அங்கே தட்டியாற் பெறும் குளிர்ச்சி சிறிது. அதனாற் கூடும் ஈரமோ பெரிது. கரூரிற் பயன்படுவது கடலூரிற் பயன்படாது போதல் இதனாலாம். கடற்கரையில் உலர்ந்த தட்டி நிழலைத் தந்து காற்றையும் விட்டால் அதுவே சாலும்.

மூன்றாவது, நீர். கீழ்க்கரையில் ஓராண்டின் மழையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்திலேயே பெய்கின்றது. அம்மழை நேராக மட்டும் விழுவதன்று. காற்றோடு சாய்ந்து தூவானமாகவும் அடிக்கும். ஆதலின் திண்ணையைத் தெருவினும் இரண்டு மூன்றடி உயர்த்துக் கட்டினர். கூரையைத் தாழ இறக்கினர். தாழ்வாரம் என்னும் பெயரே அவ்வியல்பைக் காட்டுகின்றது. தரைக்குக் கொத்தனார் வாட்டம் விடுதல் வேண்டும். பத்தடி நீளத்திற்கு ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை புறத்தே சாய்ந்திருப்பின் நீர் நில்லாது ஓடும்; இருப்பார்க்கோ சாய்வு தோன்றாது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்து வாட்டத்தைச் சரிசெய்தல் ஒருநாள் வேலை. அதனை விட்டுவிட்டால் ஆண்டுதோறும் பாசியும் வழுக்கலுமே பயன். முதியோர் வழுக்கி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிதலும் உண்டு. வழவழப்பான பளிங்கோட்டினும் சற்றே சொரசொரப்பான கடப்பைக் கல்லும் கருங்கற் பலகையும் புறத்திற்கு ஏற்றன.

இனி மரவேலையைப் பார்ப்போம். மரத்திற்குப் பகை இரண்டு: ஒன்று காளான், மற்றொன்று கறையான். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கிற்குக் கீழ் நின்றால் அதனை உளுக்கச் செய்யும் காளான் வளர்வது அரிது. எனவே மரத்தை நனையாமற் காத்தலினும், நனைந்தபின் விரைவில் உலர விடுதலே முதன்மையானது. மரத்தின் வெட்டுவாய், அதாவது குறுக்கே அறுத்த முனை, நீரை மிக விரைவாக உறிஞ்சும். திண்ணைத் தூணை மண்ணில் நேரே நடாமல் குடைந்த கருங்கல்லின்மேல் நிறுத்தியதன் நுட்பம் இதனுள் அடங்கும். கல் ஈரத்தைத் தடுக்கின்றது. மண்ணினின்றும் கறையான் மேலேற விரும்பின் கல்லின்மேற் புற்றுமண்ணாற் குழாய் கட்டியே ஏறல் வேண்டும். அக்குழாய் கண்ணிற் படும், வீட்டார் துடைத்தெறிவர்.

மரத்தினுள்ளும் வேறுபாடு உண்டு. வைரம் பாய்ந்த உட்பகுதி நெடுங்காலம் நிற்கும். வெளிறு விரைவிற் கெடும். தேக்கு ஆயினும் வெளிறு வெளிறே. பனைமரத்திலோ இம்முறை மாறி நிற்கின்றது. அதன் புறப்பகுதியே வைரம், நடுப்பகுதி சோறு. முதிர்ந்த பனையைப் பிளந்து, சோற்றை நீக்கி, புறவைரத்தைக் கைமரமாக இட்ட கூரைகள் இரண்டு மூன்று தலைமுறை நிற்பதைத் தென்பாண்டி நாட்டிற் காணலாம். மூங்கிலை வெட்டியவுடன் பயன்படுத்தாமற் சில கிழமை நீரில் ஊறவைப்பதும் ஒரு பழைய முறை. அதனால் உள்ளிருக்கும் மாவுப்பொருள் கரைந்து குறைய, அதனை உண்ணும் வண்டு துளையிடுதலும் குறைகின்றது.

இக்காலத்தே தோட்டங்களிலும் மாடிகளிலும் மரப்பலகைத் தளம் இடுதல் பரவி வருகின்றது. குளிர்நாட்டு வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நம் நாட்டிற்கேற்ப அதனைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். பலகைகளை நெருக்கி அடிக்கலாகாது. மழைக்காலத்தில் மரம் பருக்கும், கோடையிற் சுருங்கும். ஆதலின் பலகைக்குப் பலகை கால் அங்குல இடைவெளி விடுதல் வேண்டும். அவ்விடைவெளி நீர் வடியவும் காற்றுப் புகவும் வழியாகும். தளத்தின் கீழே ஓரடியேனும் வெற்றிடம் இருத்தல் நன்று. பக்கங்களை மூடிவிடின் உள்ளே புழுக்கம் தங்கி மரத்தை அழிக்கும். பலகையைத் தாங்கும் கால்களின் அடியிற் சிமெண்டுக் கட்டையைக் கிண்ணம்போற் குழித்து வைக்காமல், நீர் வழிந்தோடுமாறு நடுவுயர்த்திப் புறத்தே சரித்துக் கட்டுதல் வேண்டும்.

கடலருகே ஆணியும் திருகும் பெரிய இடர் தருவன. காற்றிற் கலந்துவரும் உப்பு இரும்பை விரைவில் துருவேற்றும். துருப்பிடித்த ஆணியைச் சுற்றி மரமும் கறுத்து இற்றுப்போம். சாதாரண எவர்சில்வரும் கடற்கரையிற் புள்ளி புள்ளியாகத் துருவேறுதல் உண்டு. 316 என்னும் வகையே அங்குத் தாங்கும். அது விலை மிக்கது. விலைக்கு அஞ்சுவோர் ஆணியே வேண்டாத கல் இருக்கையையும் செங்கற் திண்ணையையும் கட்டிக்கொள்ளுதல் அறிவுடைமை. மற்றொன்று: கருநிறப் பலகையும், பிளாஸ்டிக்குக் கலந்து செய்யும் பலகையும் மேல்மறைப்பின்றி மே மாத வெயிலிற் கிடப்பின் வெறுங்காலால் மிதிக்கலாகாத அளவு சுடும். நிழலில்லாத தளம் நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியும் ஆளில்லாத தளமே.

கூரையைப் பற்றியும் சில சொல்லுவாம். தென்னங்கீற்றுக் கொட்டகைபோற் குளிர்ச்சி தருவது பிறிதில்லை. கீற்று வெப்பத்தைத் தன்னிடத்துத் தேக்கி வைப்பதில்லை. அதன் இடுக்குகளின் வழியே வெங்காற்று மேலேறிப் போகின்றது. கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெயிலை உண்டு இரவெல்லாம் அதனை உமிழ்கின்றது. எனினும், கீற்றின் குறையையும் மறைத்தலாகாது. அதனை ஓரிரண்டு ஆண்டிற்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். தீப்பற்றின் கணத்திற் பரவும். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியிற் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் மாண்ட செய்தியை நினைக்குந்தோறும் நெஞ்சம் நடுங்குகின்றது. ஆதலின் பலர் கூடும் இடத்திற்கும், அடுப்பங்கரைக்கு அருகிலும், ஒரே வாயிலுள்ள இடத்திற்கும் கீற்றுக் கூரை கூடாது. நாற்புறமும் திறந்து, வீட்டினின்றும் விலகி நிற்கும் தோட்டப் பந்தலுக்கு அது தகும். மற்றை இடங்களில் நாட்டோடோ சீமையோடோ வேய்தல் நன்று. ஓட்டின் இடுக்குகளும் வெங்காற்றை வெளிவிடும். கான்கிரீட் தளமே வாய்த்தோர், அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினும், பந்தலிட்டுக் கொடி படரவிடினும், கீழறையின் வெம்மை குறையக் காண்பர்.

நிற்க. இனி வேலிக்கு வருவோம். வேலி என்னுஞ் சொல் அரணைக் குறித்தலோடு நிலவளவையும் குறிக்கும். இருபது மா கொண்டது ஒரு வேலி. அஃது ஏறக்குறைய 6.67 ஏக்கர் நிலமாம். கோட்டையைக் காப்பார் சூடிய நொச்சி, இன்றும் நம் சிற்றூர் வேலிகளிற் காணும் எளிய செடியேயாம். அதன் பெயரே புறத்திணையொன்றிற்குப் பெயராயிற்று. காத்தற்குரிய செடியென்று அதனைக் கருதிய மரபு எத்துணைப் பழமையானது!

உயிர்வேலிக்குச் செடியைத் தேர்தலில் நம்மவர் மிக்க நுட்பங் காட்டினர். ஆடு மேயாத ஆடாதொடையையும் நொச்சியையும் ஓரிடத்தில் வைத்தனர். கொம்பை ஒடித்து நட்டால் துளிர்க்கும் பூவரசையும் கிளுவையையும் முள்முருங்கையையும் ஓரிடத்தில் வைத்தனர். நீர்க்கரையிற் தாழையை வைத்தனர். கொங்கு நாட்டுக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முட்கிளுவை வேலி இன்றும் நிற்கின்றது. யாழ்ப்பாணத்தார் வேலியில் நடும் உயிர்க்கொம்பைக் கதியால் என்பர். கதியால்களை வரிசையாக நட்டு, இடையே பனையோலையையோ கிடுகையோ கட்டுதல் அவர் வழக்கம். ஓலை பழையதானபின் அதனைத் தோட்டத்திற் புதைத்து எருவாக்குவர். கதியாலின் தழையோ ஆட்டிற்கு இரையும் நிலத்திற்கு உரமும் ஆகும். இங்ஙனம் வேலியே ஒரு சிறு விளைநிலமாக நின்றது.

ஈர நாட்டில் வேலிக்குள்ள சிறப்பியல்பு, அது காற்றைத் தடாமை. நிறை சுவரொன்று நின்றால் காற்று அதன்மேல் எழும்பித் தாவிச் செல்லும்; சுவரின் பின்னே, அதன் உயரத்தினும் பன்மடங்கு தொலைவிற்குக் காற்றசைவு குன்றும். ஆறடிச் சுவரின் பின்னுள்ள திண்ணையிற் கடற்காற்றைத் தேடுதல் வீண். இடைவெளியுள்ள வேலியோ காற்றின் வேகத்தைச் சற்றே தணித்து உள்ளே விடுகின்றது. புயற்காலத்தும் இது நன்மையே. நிறை சுவர் காற்றின் முழு மோதலையும் தாங்கல் வேண்டும். வேலி அதனை ஊடே விட்டுத் தான் பிழைக்கும். காவல் கருதிச் சுவர் வேண்டுவோர், இடுப்பளவு சுவர் எழுப்பி, மேலே கம்பியோ துளையுள்ள செங்கலோ அமைக்கலாம்.

வேலியைத் தேர்தலில் நேர்ந்த பெரும் பிழையொன்றும் நம் நாட்டில் உண்டு. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய சீமைக் கருவேலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. விறகிற்கும் வேலிக்கும் அது நன்றாகப் பயன்படவே, மக்கள் அதற்கு வேலிக்காத்தான் என்று அன்புப் பெயரும் இட்டனர். வேலியைக் காக்க வந்தது பின்னர் வேலியைத் தாண்டிற்று. இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிற் கண்மாய்களையும் தரிசுகளையும் அது கைப்பற்றிக்கொண்டது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு இத்தகைய அயல்நாட்டுச் செடிகளை அகற்றுதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. எனினும், அம்மரத்தை வெட்டிக் கரிசுட்டு வயிறு வளர்க்கும் ஏழையர் பலர் அம்மாவட்டங்களில் உளர் என்பதையும் மறத்தலாகாது. ஒரு செடியை நடுதல் எளிது. அது தலைமுறைகளுக்குச் செய்யப்போவதை அறிதல் அரிது. ஆதலின் நம் மண்ணில் நெடுநாட் பழகிய செடியையே வேலிக்குக் கொள்ளுதல் பாதுகாப்பானது.

உயர்ந்த சுவர்களைப் பற்றி மேலும் ஒன்று கூறுதல் கடமையாகின்றது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், பெருமழையில் உயர்ந்த சுற்றுச்சுவரொன்று இடிந்து அருகிருந்த எளியோர் வீடுகளின்மேல் வீழ்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிர் துறந்தனர். ஒருவர்க்குக் காவலாக எழுந்தது பிறர்க்குக் கூற்றமாக முடிந்தது. உயர்ந்த சுவர் கட்டுவார் ஆழ்ந்த அடித்தளமும், இடையிடையே தாங்கு தூண்களும், ஒருபுறம் மண்ணைத் தாங்குமாயின் நீர் வடியுந் துளைகளும் அமைத்தல் வேண்டும். நனைந்த மண்ணும் தேங்கிய நீரும் சுவரைத் தள்ளும் வலிமை, உலர்ந்த மண்ணின் வலிமையினும் மிகப் பெரிது. கணக்கறிந்த பொறியாளரைக் கேளாமல் தலைக்குமேல் உயர்ந்த சுவரை எழுப்புதல் தகாது.

முன்றிலின் தரையைப் பற்றியும் ஒரு சொல். தூய்மை கருதி முற்றமெங்கும் சிமெண்டு பூசுதல் இன்று வழக்கமாயிற்று. அதனால் மழைநீர் மண்ணிற் புகாமல் தெருவிற்கு ஓடுகின்றது, கிணறு வற்றுகின்றது, தரை சுடுகின்றது. 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேமிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாயும் குழியும் அமைத்தல் ஒரு பகுதி. மண்ணை மூடாது விடுதல் மறுபகுதி. நடக்கும் வழிக்கு மட்டும் கல் பதித்து, எஞ்சியதை மணலும் புல்லும் செடியுமாக விட்டால் நீர் உட்புகும். ஆனால் நீர் தேங்கலாகாது. பூந்தொட்டியின் கீழ்த்தட்டிலும், உடைந்த ஓட்டிலும் நிற்கும் சிறிது நீரிலேயே டெங்குக் கொசு முட்டையிட்டு ஏழு முதல் பத்து நாட்களிற் பறந்தெழும். கிழமைக்கொருமுறை அவற்றைக் கவிழ்த்தல் முன்றிலுடையார் கடன்.

இதுகாறும் கூறியவற்றால், பழைய திண்ணையைப் பாராட்டுவதே எம் கருத்தென்று எண்ணற்க. திண்ணையின் வரலாற்றில் ஒளியும் உண்டு, இருளும் உண்டு. வழிப்போக்கன் கேளாமலே தலைசாய்த்து உறங்கியதும், ஆசிரியர் மணல் பரப்பிப் பிள்ளைகட்கு எழுத்தறிவித்ததும் திண்ணையிலே. அத்திண்ணையே, இன்னார் இதன்மேல் ஏறலாகாது, இன்னார் தெருவிலேயே நிற்றல் வேண்டும் என்று மக்களைப் பிரித்த எல்லையாகவும் நின்றது. மதுரை மாவட்டத்து உத்தபுரத்தில் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008-ஆம் ஆண்டிலேதான் இடிக்கப்பட்டது. ஆகவே, பழைய திண்ணையின் நிழலை நாம் மீட்க வேண்டும்; அதன் விலக்கை மீட்கலாகாது. யாவரும் அமரலாம் என்னும் திண்ணையே இனி நாம் கட்டத்தக்கது.

அதற்குத் தேவை இன்று முன்னையினும் மிகுந்துள்ளது. பகல் 2 மணி வெயிலில் வீடுதோறும் பொதி கொண்டு வரும் இளைஞர், தெருவைத் துப்புரவு செய்யும் மகளிர், கீரை விற்கும் மூதாட்டி, வாயில் காப்போர் ஆகிய இவர்கள் ஒரு நாழிகை அமர்தற்கு நம் தெருக்களில் நிழல் எங்கே உளது? வீட்டினுள் குளிர்சாதனப் பெட்டி வைத்தோர் கதவை அடைத்துக்கொள்கின்றனர். அப்பெட்டியோ உள்ளிருந்த வெப்பத்தை அழிப்பதில்லை. தெருவிற்கும் அடுத்த வீட்டுச் சன்னலுக்கும் அனுப்புகின்றது. ஒருவர் குளிர்ச்சி மற்றொருவர் வெம்மையாகின்றது. திண்ணையின் குளிர்ச்சியோ பகிரப் பகிரக் குறைவதன்று.

நம்முட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் இல்லங் கட்டுவோம். சிலர் ஊர்மன்றங்களிலும் அலுவலகங்களிலும் பிறர் கட்டுவதற்கு இசைவு தருவோம். அப்பொழுது பெருஞ்செலவு எதுவும் வேண்டா. நான்கடி அகலம், எட்டடி நீளம், தாழ்ந்த கூரை, மேற்கே ஒரு பூவரசு, காற்று நுழையும் வேலி, வாட்டமுள்ள தரை, வாயிலருகே ஒரு குடம் நீர் ஆகிய இவை போதும். மாடிக் குடியிருப்பில் வாழ்வார்க்கும், கீழ்த்தளத்து வாயிலின் இருமருங்கிலும் நிழலுள்ள கல் இருக்கை இரண்டு இடுதல் இயலாததன்று. அங்ஙனம் நாம் செய்வோமாயின் முன்றில் என்னுஞ் சொல்லை அடுத்த தலைமுறைக்கு விளக்க இலக்கண நூலைத் தேடவேண்டுவதில்லை. வாயிற் கதவைத் திறந்து காட்டினாற் போதும்.